கூடுதலாக ஓர் எழுத்து

நாற்பது நாள் நானும் ஆடினேன். அதை முதலில் ஒத்துக்கொண்டுவிட்டுத்தான் மற்றவர்களைத் திட்ட வேண்டும்.

எங்கள் நாடகக் குழுவுக்கு இடம் ஒரு பழைய அட்டைப்பெட்டிக் கிடங்கு. மேலே தகரம், கீழே சிமெண்டுத் தரை, ஜன்னல் என்று பெயருக்கு இரண்டு ஓட்டை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒத்திகை தொடங்கும்போது தகரம் சூடேறி டிக் டிக் என்று விரியும். திரை கிடையாது. மேடை என்று உயரமாக எதுவும் கிடையாது. மூன்று பக்கமும் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்காருவார்கள், நடுவில் நாங்கள். நாவல், சிறுகதை, சில சமயம் நாலு வரிக் கவிதை, எதையாவது பிடித்துக்கொண்டு ஆறு மாதம் உருட்டி நாடகமாக்குவது எங்கள் வேலை. ஒரு தடவை தலையணைத் தடிமனில் இருந்த ஒரு நாவலை எட்டு வாளியும் ஓர் ஏணியும் வைத்து நடித்தோம். பார்த்தவர்களில் பாதிப் பேர் அழுதார்கள். மீதிப் பேர் வாளி எதற்கு என்று கேட்டார்கள்.

தாடி வைத்த எங்கள் இயக்குநரை எல்லோரும் மாஸ்டர் என்போம். "இங்க யாரும் பெரியவன் கிடையாது, என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார். "சரிங்க மாஸ்டர்" என்பார்கள்.

அந்தத் தரை நானும் என் அக்காவும் கலவை சுமந்து போட்ட தரை. மூன்று வருடத்துக்கு முன்னால் குழு கிடங்கை எடுத்தபோது கீழே எல்லாம் பெயர்ந்து கிடந்தது. ஒரு கொத்தனார், நாங்கள் இரண்டு சித்தாள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்து நான் வாசலுக்கும் மூலைக்கும் நடக்கிறேன். ஓரத்தில் எட்டுப் பேர் காற்றில் எதையோ தூக்கிக்கொண்டு பல்லைக் கடித்து நடந்து பழகுகிறார்கள். மாஸ்டர் அவர்களை நிறுத்தி, "அங்க பாருங்க" என்று என்னைக் காட்டினார்.

எட்டுப் பேரும் பார்த்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன, கொம்பு முளைச்சிருக்கா?" என்றேன்.

"குரலப் பாருங்கப்பா!" என்றார் மாஸ்டர். "இந்த நடையச் சொல்லிக்கொடுக்க முடியாது, இந்தக் குரலயும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஏம்மா, நடிக்க வர்றியா?"

அக்கா பின்னாலிருந்து, "போடி, கலவை இறுகுது" என்றாள்.

நான் நடிக்கப் போனேன். பதினொரு வருடம் சட்டி சுமந்த கழுத்து அந்த வருடமே வேலையை விடச் சொல்லிவிட்டது. இப்போது காலை ஐந்து முதல் ஒரு மணி வரை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன், இரண்டு மணிக்கு நடிகை. மரமாக நடித்தேன், நீதிபதியாக நடித்தேன், ஒரு நாடகம் முழுக்க நாயாக நடித்தேன். குழுவில் எனக்குப் பெயர் சிமெண்ட். பாசமாகத்தான் கூப்பிடுவார்கள்.

இந்த நாவலில்தான் எனக்கு முதல் தடவையாகப் பெரிய வேடம். கட்டட வேலை நடக்கும் இடங்களில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியது. கதாநாயகி ஒரு சித்தாள். கடைசி அத்தியாயத்தில் பாதி எழும்பிய சுவர் சரிந்து அவள்மேல் விழுகிறது. செங்கல்லுக்கு அடியில் தலை மட்டும் தெரிகிறது. மற்றவர்கள் சுற்றி நிற்கிறார்கள். அவள் ஒரே வார்த்தையை மூன்று தடவை சொல்லிவிட்டுச் செத்துப்போகிறாள்.

என் கையில் இருந்த பிரதியில் அந்த வார்த்தை இப்படி இருந்தது: சும்மா ஆடு.

நாவலை நாங்கள் யாரும் படிக்கவில்லை. குழுவில் அதுதான் வழக்கம். நாவலை மாஸ்டர் படிப்பார், கண்ணாடி படிப்பான். கண்ணாடி என்பது பிரதி எழுதுகிறவன். மூக்கில் எந்நேரமும் தடித்த கண்ணாடி. தமிழில் முதுகலை, பழைய பாட்டு ஆயிரம் மனப்பாடம். அவன் நாவலைப் பிழிந்து நாற்பது பக்கமாக டைப் அடித்துக் கொடுப்பான். நாங்கள் அதை வைத்துப் பழகுவோம். "மூலம் நடிகனைக் கட்டிப்போடும்" என்பார் மாஸ்டர்.

அந்த மூன்று தடவையை வைத்துத்தான் மாஸ்டர் மொத்த நாடகத்தையும் கட்டியிருந்தார். சாகிற நேரத்தில் ஒரு கூலிக்காரி உலகத்தைப் பார்த்துச் சும்மா ஆடு என்கிறாள். உழைப்புக்குப் பதில் ஆட்டம். வலிக்குப் பதில் ஆட்டம். நான் முதல் தடவை சொன்னதும் கோரஸ் எட்டுப் பேரும் ஆடத் தொடங்க வேண்டும். இரண்டாம் தடவை மேளம் வேகம் பிடிக்கும். மூன்றாம் தடவை வெறியாட்டம், அதில் எனக்கே உயிர் வந்து செங்கல்லைத் தள்ளிவிட்டு எழுந்து நானும் ஆட வேண்டும். அப்படியே விளக்கு அணையும். நாடகத்தின் பெயரும் அதுதான். போஸ்டரில் ஒரு முழ உயரத்துக்கு எழுத்து: சும்மா ஆடு.

நானும் ஆடினேன். செத்தவள் எழுந்து ஆடுகிறாளே என்று ஒரு நாள் லேசாக இடித்தது. மரமாக நடித்தவளுக்கு இதெல்லாம் கேள்வியா என்று விட்டுவிட்டேன்.

நாடகத்துக்கு ஐந்து நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வீட்டில் வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வேலை முடிந்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். சாகிறவள் இவ்வளவு தெளிவாகப் பேச மாட்டாள், மூச்சு திணற வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அதனால் வார்த்தையைக் குழைத்துக் குழைத்துச் சொன்னேன்.

"சும்மாடு... சும்மாடு..."

அக்கா திரும்பாமலே சொன்னாள்: "கொடியில கிடக்கு பாரு. எடுத்துக்க."

கொடியைப் பார்த்தேன். அவளுடைய சும்மாடு அங்கே காய்ந்துகொண்டிருந்தது. சட்டிக்கும் தலைக்கும் நடுவில் சுருட்டி வைக்கிற துணி. சிமெண்டு ஏறி விறைத்து, நடுவில் குழியோடு.

பதினொரு வருடம் அதைத் தலையில் வைத்திருந்தவள் நான். நாற்பது நாள் அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டிருந்தும் எனக்குத் தெரியவில்லை. கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. அறைந்தவள் நான்தான் என்பதால் திருப்பி அறையவும் வழியில்லை.

எங்கள் அம்மா சாரத்திலிருந்து விழுந்தபோது எனக்குப் பதினாறு வயது. இரண்டாவது மாடி உயரம். கீழே ஜல்லிக் குவியல். ஓடிப் போய்ப் பார்த்தபோது கண் திறந்திருந்தது. தண்ணீர் வேண்டுமா என்றதற்கு வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். "தலையில குத்துது" என்றாள். அக்கா தன் சும்மாட்டை எடுத்து அவள் தலைக்கு அடியில் வைத்தாள். அவ்வளவுதான் எங்களால் செய்ய முடிந்தது. வேலை இடத்தில் விழுகிற யாருக்கும் அதைத்தான் வைப்பார்கள், வேறு மெத்தென்ற பொருள் அங்கே எது இருக்கிறது? அம்மா அதில் தலை வைத்து அரைமணி நேரம் இருந்தாள். வண்டி வருவதற்குள் போய்விட்டாள்.

இந்த அக்காவைத்தான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வா என்று ஒரு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்தில் அவள் என் நாடகம் எதையும் பார்த்ததில்லை. "நீ நாயா நடிக்கிறத நான் வீட்டுலயே பாக்கிறேன்" என்பாள். "இது நம்ம கதைக்கா" என்று சொல்லித்தான் இந்தத் தடவை சம்மதிக்க வைத்தேன். நம்ம கதை. அம்மாவின் தலைக்குத் துணி வைத்த இடத்தில் எட்டுப் பேர் குதிக்கப்போகிறார்கள், நடுவில் நானும் எழுந்து ஆடப்போகிறேன், அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கப்போகிறாள்.

மறுநாள் கண்ணாடியிடம் நாவலைக் கேட்டேன். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம். "சும்மாடு... சும்மாடு... சும்மாடு..." என்று அச்சில் தெளிவாக இருந்தது. அதற்கு மேல் வரியில், தலை செங்கல்லில் உரசிக்கொண்டிருந்தது என்றும் இருந்தது.

"இது என்ன வார்த்தை?" என்றேன்.

"அதுவா? அச்சுப்பிழை" என்றான் கண்ணாடி. சந்தோஷமாகச் சொன்னான். "நடுவுல ஒரு எழுத்து விட்டுப்போச்சு. சும்மா ஆடு. 'ஆ'வ நான்தான் சேர்த்தேன். மாஸ்டர்கூடக் கவனிக்கல."

"சும்மாடுன்னா என்னன்னு தெரியாதா உனக்கு?"

"அப்படி ஒரு வார்த்தை இருக்கா?"

"இந்தத் தரைக்குக் கலவை சுமந்தப்ப என் தலையில என்ன இருந்துச்சு?"

"சட்டி."

"சட்டிக்குக் கீழ?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "முடி" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னான். அடிக்கக் கை வரவில்லை. மாஸ்டரிடம் போனேன்.

மாஸ்டர் முட்டாள் இல்லை. அதுதான் என் கோபத்துக்கே காரணம். பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரே நிமிடத்தில் புரிந்துகொண்டார். முகம் சுண்டிப்போனது. புத்தகத்தை மூடினார். பிறகு கேட்டார்: "வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"மாத்துங்க மாஸ்டர்" என்றேன். "அவ தலைக்குத் துணி கேக்குறா. ஆடச் சொல்லல."

"சரிம்மா. துணி கேக்குறா. யாரோ வைக்கிறாங்க. செத்துப்போறா. விளக்கு அணையுது. அதுல பாக்கிறவனுக்கு என்ன இருக்கு?"

"அதுதான் இருக்கு."

"அத எல்லாரும் செய்வாங்க. பிழையிலதான் சில நேரம் புதுசா ஒண்ணு பிறக்கும். கலைன்னா அப்படித்தான்."

"தளத்துல ஒரு கம்பியப் பிழையா கட்டினா தளம் தலையில விழும். அதுல கலை பிறந்து நான் பாத்ததில்ல."

"சிமெண்ட், கோவப்படாத. ஞாயித்துக்கிழமை ஆட்டம். முந்நூறு போஸ்டர் ஒட்டியாச்சு. நாடகத்தோட பேரே அது. இந்த நேரத்துல முதுகெலும்ப உருவச் சொன்னா எப்படி?"

"என் நடை வேணும், என் குரல் வேணும், என் கழுத்து வளைஞ்சிருக்கிறதுகூட வேணும். ஒரே ஒரு வார்த்தை எனக்குத் தெரிஞ்சிருந்தா மட்டும் வேணாமா?"

அவர் எழுந்து நின்றார்.

"உனக்கு முடியலன்னா சொல்லிடு. கோரஸ்ல நிக்கிற பொண்ணுக்கு உன் வசனம் மொத்தமும் தெரியும்."

தெரியும். அவளும் அதே வார்த்தையைத்தான் சொல்லப்போகிறாள், என்னைவிட அழகாகவே. நான் போய்விட்டால் செத்தவள் வாயில் பொய் தங்கிவிடும். போகவில்லை. வாயை மூடிக்கொண்டு அன்றும் ஆடினேன்.

வெள்ளிக்கிழமை முழு ஒத்திகைக்கு நூலாசிரியரே வந்தார். வெளுத்த சட்டை, பையில் இரண்டு பேனா. முழுதும் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டர் டீ வாங்கிவர வெளியே போன நேரம் பார்த்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஐயா, நீங்க எழுதினது சும்மாடுதான?"

"ஆமாம்மா" என்றார். தயங்கவே இல்லை.

"இவங்க ஆடுறாங்களே?"

"பார்த்தேன்."

"ஒண்ணும் சொல்லலியே?"

பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார். "புத்தகம் வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சும்மா. யாரும் கண்டுக்கல. இப்பத்தான் என் பேர் சுவத்துல வந்திருக்கு. ஒரு எழுத்துதானே... இதுவும் ஒரு வாசிப்புன்னு எடுத்துக்கணும்."

"விழுந்தவங்கள நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா ஐயா?"

"மூணு பேரப் பாத்திருக்கேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மூன்று பேரைப் பார்த்தவர். பார்த்ததை எழுதத் தெரிந்தவர். ஒரு எழுத்துதானே என்கிறார். காலுக்குக் கீழே தரை நல்ல கெட்டியாக இருந்தது, நாங்கள் போட்ட தரை. இல்லாவிட்டால் நான் உதைத்த உதைக்குப் பெயர்ந்திருக்கும்.

சனிக்கிழமை அக்காவிடம், "நாளைக்கு வராத" என்றேன்.

"ஏன்டி?"

"நல்லா வரல."

"நீ நல்லா நடிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான வர்றேன்" என்றாள். "குட்டையக்காகிட்டயும் சொல்லிட்டேன். அவ வேலை முடிஞ்சு அப்படியே வந்திடுறேன்னுட்டா. அரைநாள்தான் வேலை." குட்டையக்கா அக்காவோடு சட்டி சுமக்கிற இன்னொரு சித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கிடங்கு நிறைந்துவிட்டது. இடப்பக்க பெஞ்சில் இரண்டாவது வரிசையில் அக்காவும் குட்டையக்காவும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டிருந்தார்கள், இரண்டு பேர் காலிலும் காய்ந்த சிமெண்டு. அக்கா இடுப்பில் துண்டு. குட்டையக்கா மடியில் வேலைப் பை. எதிர் பெஞ்சில் முதல் வரிசையில் நூலாசிரியர்.

முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காகத்தான் போனது. நான் வெறும் சட்டியைத் தலையில் தூக்கி நடக்கிற காட்சியில் குட்டையக்கா சத்தமாகவே, "காலிச் சட்டிக்கு என்ன இப்படிக் குனியிறா?" என்றாள். அக்கா அவள் தொடையில் தட்டினாள். சிலர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் அன்றைக்கு நான் கடைசியாகச் சிரித்தது.

சுவர் விழுந்தது. சுவர் என்றால் தெர்மகோலில் வெட்டிச் சிவப்பு பெயின்ட் அடித்த இருநூறு கல். அதற்கு அடியில் படுத்திருந்தேன். தலை வெறும் தரையில். கோரஸ் எட்டுப் பேரும் என்னைச் சுற்றிக் குந்தி, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர் கையைத் தூக்கி வைத்திருந்தார்.

நான் யோசித்து வைத்திருந்தது இதுதான். தனி வார்த்தையாகச் சொன்னால்தானே ஆட்டம் என்று கேட்கும். முழு வாக்கியமாகச் சொல்லிவிடுவோம். பார்க்கிற எல்லோருக்கும் புரிந்துவிடும், பிறகு எவன் ஆடுகிறான் என்று பார்க்கலாம்.

"தலை வலிக்குது" என்றேன். "தலைக்கு அடியில சும்மாடு வை."

மேளம் விழுந்தது. எட்டுப் பேரும் எழுந்து ஆடத் தொடங்கினார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாற்பது நாளாக அந்தச் சத்தம் கேட்டால் ஆட வேண்டும் என்று பழகிய உடம்பு. முன்னால் என்ன சொன்னேன், பின்னால் என்ன சொன்னேன் என்று யாருக்குக் கேட்டது? என் காதுக்குப் பக்கத்தில் பதினாறு பாதங்கள் குதித்தன.

"ஆடாதீங்க! சும்மாடு! துணி! தலைக்குச் சும்மாடு வைங்க!"

இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை, நான்காம் தடவை. மேளக்காரர் எண்ணிக்கை தப்பிப்போய்க் கைக்கு வந்த வேகத்தில் அடித்தார். சரியான வார்த்தையைச் சொல்லச் சொல்ல ஆட்டம் வெறிபிடித்தது. நான் கத்தினால் இன்னும் உயரமாகக் குதித்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் அசந்துபோய்ப் பார்த்தார்கள். ஓரத்தில் நின்ற மாஸ்டர், எழுந்து ஆடு, எழுந்து ஆடு என்று எனக்குக் கையால் சைகை காட்டினார். நான் அசையவில்லை. தொண்டை கிழிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, அது நடிப்பு இல்லை.

அப்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல். கலவை இயந்திரத்தின் இரைச்சலைத் தாண்டி மூன்றாவது மாடிக்குக் கேட்கும்படி கூப்பிட்டுப் பழகிய குரல்.

"அடியே, அவ தலை தரையில கிடக்குதுடி! கண்ணு தெரியலயா உங்களுக்கு? சும்மாடு வைங்கடி யாராவது!"

அக்கா எழுந்து நின்று கத்தினாள். அதைக் கேட்டதும் கோரஸ் இன்னும் வேகமாக ஆடியது.

மூன்று பெஞ்சிலும் சிரிப்பு வெடித்தது. அக்கா அந்தச் சிரிப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முன்வரிசையில் இருந்தவர்களின் முழங்காலைத் தள்ளிக்கொண்டு நடுவுக்கு வந்தாள். ஆடிக்கொண்டிருந்த ஒருவனைத் தோளில் பிடித்து ஓரமாக நகர்த்தினாள், சாமானை நகர்த்துவது போல. இடுப்புத் துண்டை உருவினாள். இடது கையில் நாலு விரலைச் சுற்றி மூன்று சுற்று, நுனியை உள்ளே செருகினாள். குந்தி உட்கார்ந்தாள், என் தலையைத் தூக்கினாள், அடியில் வைத்தாள்.

சும்மாட்டில் சிமெண்டு வாசம் அடித்தது.

"இப்ப குத்துதா?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். அம்மாவிடம் கேட்ட அதே கேள்வி.

"இல்லக்கா" என்றேன்.

ஆட்டம் ஒவ்வொருவராக நின்றது. மேளம் நின்றது. எட்டுப் பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அக்கா அவர்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆடினது போதும். கல்லத் தூக்குங்க."

யாரும் நகரவில்லை. அவளே ஒரு கல்லில் இரண்டு கையையும் வைத்து, முதுகைக் கொடுத்து ஒரு தம் பிடித்துத் தூக்கினாள். தெர்மகோல் தலைக்கு மேலே பறந்துபோய் விழுந்தது. அக்கா தன் கையைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுக்காடி இந்தக் கத்து கத்தின?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. விளக்குக்காரர் யாரையும் கேட்காமல் விளக்கை அணைத்தார். இரண்டு ஓட்டை வழியாகவும் நாலரை மணி வெயில் உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்து, எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

உடை மாற்றுகிற தடுப்புக்குள் மாஸ்டர் வந்தபோது என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்திருந்தது. பின்னாலேயே நூலாசிரியர்.

"பிரமாதம்!" என்றார் மாஸ்டர். "கைதட்டல் கேட்டியா? அக்கா, நீங்க அடுத்த ஞாயிறும் வரணும். அதே பெஞ்சு, அதே இடத்துல எந்திரிக்கணும். ஆட்டம் அப்படியே இருக்கட்டும், ஆட்டம் இருந்தாத்தான நீங்க வந்து நிறுத்த முடியும்."

"நான் எழுதினப்ப இதத்தான் மனசுல வச்சிருந்தேன்" என்றார் நூலாசிரியர்.

அக்காவுக்கு எதுவும் புரியவில்லை. "அடுத்த ஞாயிறு தளம் போடுறோம்" என்றாள்.

"சரி, வேற யாராவது ஒரு நடிகை உங்க மாதிரி வருவாங்க. அந்தத் துண்ட மட்டும் விட்டுட்டுப் போங்க. அந்த அழுக்கு செயற்கையா வராது."

"அப்ப நாளைக்கு என் தலையில எத வைக்கிறது?" என்றாள் அக்கா. "உங்க தாடியயா?"

குட்டையக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் சிமெண்டு பூசிய முகத்தைத் துடைக்காமலே சொன்னேன்: "மாஸ்டர், ஆட்டத்த எடுங்க. போஸ்டர மாத்துங்க. மாத்தினா அடுத்த ஞாயிறு ரெண்டு மணிக்கு இங்க இருப்பேன்."

"முந்நூறு போஸ்டர் சிமெண்ட்! யார் மாத்துறது?"

"மாத்தலன்னா அந்தப் பொண்ணையே படுக்கப் போடுங்க. ஆனா அவ தலையும் தரையிலதான் கிடக்கும். அதையாவது பாத்துக்கங்க."

வெளியே வந்தோம். கிடங்கின் சுவரிலேயே வாசலுக்குப் பக்கத்தில் ஒரு போஸ்டர், பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. அக்கா மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். நின்று, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"சு... ம்... மா... ஆ... டு." மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நடுவுல இந்த 'ஆ' எதுக்குடி?"

எனக்குத் தொண்டையில் இருந்த குரல் மொத்தமும் உள்ளே கத்தியே தீர்ந்துபோயிருந்தது. குட்டையக்காவின் பைக்குள் கைவிட்டேன். சட்டியில் இறுகின சிமெண்டைச் சுரண்டுவதற்கு அவள் ஒரு தகரத் துண்டு வைத்திருப்பாள், எல்லாச் சித்தாளிடமும் இருக்கும். அதை எடுத்து 'ஆ'வின் மேல் வைத்து அழுத்தி இழுத்தேன். தாள் சுருண்டு வந்தது. தலை போனது, வயிறு போனது, கடைசியில் சுழி கொஞ்சம் அடம் பிடித்தது. நகத்தால் பிய்த்தேன். நடுவில் சுவர் தெரிந்தது, இரண்டு பக்கமும் மிச்சம் ஒரு வார்த்தை.

"இப்ப சரியா இருக்கு" என்றாள் அக்கா.

அடுத்தது சலூன் சுவரில் இருந்தது, அதற்கடுத்தது தண்ணீர்த் தொட்டியில். தெருமுனைக்கு வருவதற்குள் ஒன்பது முடித்துவிட்டேன். உள்ளங்கையில் தகரம் கீறி ரத்தம் வந்தது. அக்கா சும்மாட்டைப் பிரித்து மறுபடியும் துண்டாக்கிக் கையில் சுற்றிவிட்டாள், அதன் மேல் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன். டீக்கடை வாசலில் நின்ற ஒருவர், "என்னம்மா, போஸ்டரக் கிழிக்கிறீங்க?" என்று அதட்டினார்.

"கிழிக்கல" என்றாள் அக்கா. "ஒரு எழுத்து கூடுதலா இருக்கு."

அவர் போஸ்டரைப் பார்த்தார். "சும்மாடு" என்று வாய்விட்டுப் படித்தார். தலையை ஆட்டிக்கொண்டு டீயைக் குடித்தார்.

எதிர்ச் சுவரில் வரிசையாக ஐந்து ஒட்டியிருந்தது. "நீ மேல் வரிசையப் பாரு, எனக்கு எட்டாது" என்று சொல்லிக்கொண்டே குட்டையக்கா இன்னொரு தகரத்தைத் தேடிப் பைக்குள் கைவிட்டாள். வண்டிகள் போக வழிவிட்டு, மூன்று பேரும் ரோட்டைக் கடந்தோம்.